வெள்ளவத்தையில் கல்வெட்டு அடித்த கதை

கொழும்பில் இருந்துகொண்டு ஊர்ச் சாவுக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், அடிப்பவர்களுக்கு ஒரே ஒரு கெடு: 31-ம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு முன் புத்தகம் ஊரில் இருக்க வேண்டும். பிந்தி வந்தால் கட்டுக்கட்டாக அலுமாரிக்கு மேலே கிடக்கும். அந்த வகையில் எங்கள் அம்மம்மாவின் கல்வெட்டுக்கு நான் போன அச்சகத்துக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. கீழே போட்டோக்கொப்பி, மேலே அச்சு வேலை. குறையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை.

போனவுடன் பழைய கல்வெட்டுகள் ஒரு கட்டும், ஒரு மாதிரிப் பக்கமும் தருவார்கள். பெயர், ஊர், கணவர், பிள்ளைகள் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். மீதி எல்லாம் தயார். "விருந்தோம்பலில் சிறந்தவர், பொறுமையின் சிகரம், சிவபக்தியில் ஊறியவர்." அந்தக் கட்டில் இருந்த அத்தனை ஆச்சிமாரும் பொறுமையின் சிகரங்கள்தான். எங்கள் அம்மம்மாவுக்குப் பொறுமை துளியும் கிடையாது.

இதைச் சொன்னபோதுதான் மூலையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா தலையை நிமிர்த்தினார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் என்று பிறகு சொன்னார்கள். "பிள்ளை, இது எல்லா ஆச்சிக்கும் பொருந்தும். உங்கட ஆச்சி என்ன செய்தவ? அதைச் சொல்லுங்கோ" என்று ஒரு கொப்பியை எடுத்தார்.

சொன்னேன். 1933-ல் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் இருக்கும் மட்டுவிலில் பிறந்து, மட்டுவிலிலேயே கலியாணம் கட்டி, ஆறு பிள்ளை பெற்றவர். மாதர் சங்கத்துக்கு எத்தனை தலைவிகள் மாறினாலும் பொருளாளர் மாறியதில்லை. சங்கத்துக் கிடாரம், அகப்பை, பாய், கதிரை எல்லாம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருந்தன. செத்த வீடோ சாமத்திய வீடோ, எது யாரிடம் போனது என்று கொப்பியில் எழுதி வைப்பார். திருப்பித் தராதவர்களைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்பார். கிளினிக் நாளில் பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிச் செல்வார். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவைக் கோழிக்குப் போட்ட ஒருத்திக்கு விழுந்த ஏச்சு ஊரில் இன்னும் பேசப்படுகிறது. பங்குனித் திங்களில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பொங்க வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் கலக்குவது அவர் பொறுப்பு. உப்பு விஷயத்தில் வேறு யாரையும் நம்பமாட்டார்.

ஐயா இதையெல்லாம் ஆறுதலாக எழுதிக்கொண்டு, "95-ல எங்க இருந்தவ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் எழுத நினைக்காத கேள்வி அது. 1995 ஒக்டோபர் முடிவில் சண்டையால் இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, சங்கத்துக் கிடாரங்கள் எல்லாம் எங்கள் முற்றத்தில் அடுப்பில் ஏறின. கஞ்சிதான். தேங்காய்ப்பூ இருந்த நாளில் தேங்காய்ப்பூவும் போட்டது. முன்பின் தெரியாத குடும்பங்கள் மாட்டுக் கொட்டில் வரை படுத்தன. 2000-ல் சாவகச்சேரிச் சண்டையில் மட்டுவில்காரரே ஓட வேண்டி வந்தது. அம்மம்மா பருத்தித்துறைப் பக்கம் போனார். 2002-ல் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கிடாரமும் இல்லை. கணக்குக் கொப்பி மட்டும் அவருடைய பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு திரும்பவும் வீடு வீடாகக் கேட்கத் தொடங்கியவரை என்னவென்று சொல்வது?

கனடாவிலிருந்து மாமாமார் பேரப்பிள்ளைகளின் பட்டங்களைப் பக்கம் பக்கமாக அனுப்பியிருந்தார்கள். ஐயா அதை வம்சாவளிக்குள் சின்ன எழுத்தில் அடக்கிவிட்டு, கஞ்சிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினார். மாமாமாருக்கு இன்னும் மனவருத்தம். எனக்கு இல்லை.

இனிக் குறைகள். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவும் புலம்பலும் எழுத அச்சகமே ஒரு புலவரை வைத்திருக்கிறது. அதற்கு வேறு காசு. வந்த வெண்பாவில் ஓசை சரி, திதி பிழை. அம்மம்மா போனது விடியப்புறம், ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்கும் நேரம். புலவர் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார், எங்கள் வீட்டில் வாக்கிய பஞ்சாங்கம்; இரண்டிலும் திதி மாறும் நேரம் வேறு. வருஷத் திவசம் இந்தத் திதியில்தான் வரும் என்பதால் அம்மா விடவில்லை. "இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை" என்று கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு மாற்றித் தந்தார்கள், காசு கேட்கவில்லை. எந்தப் பஞ்சாங்கம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்பினால் அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். சிவபுராணத்திலேயே அப்படி ஒரு வரி உடைந்து கிடந்தது. திரையில் பார்த்துச் சரி சொல்லாமல் கடதாசியில் புரூஃப் கேளுங்கள். பிடிஎஃப் கேட்டாலும் பாமினியில்தான் வரும், அதில் பெயரைத் தேடினால் அகப்படாது. ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் ஏராளம் ஏற்றப்பட்டிருக்கின்றன. எங்களுடையதையும் கொடுக்கும் எண்ணம் இருந்ததால் யூனிகோட் பிரதியை நானே தனியாக வைத்துக்கொண்டேன்.

அட்டைப் படத்தில் அம்மம்மாவை வெள்ளையாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். உள்தாள், நடுவில் கம்பிப் பின் அடித்த விதம் எல்லாம் திருப்தி. இப்படிக் கம்பிப் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்கில் வரவேண்டும். மிஞ்சிய பக்கத்துக்கு ஏதாவது தேவாரம் போடுவார்கள், நீங்கள் விரும்பியதைச் சொல்லி வையுங்கள். பெட்டி கட்டி யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸிலும் அவர்களே ஏற்றிவிட்டார்கள்.

பாதிக் காசு முற்பணம், கார்ட் எடுக்கமாட்டார்கள். ஐயா காலையில் மட்டும்தான் இருப்பார். பின்னேரம் போனால் அந்த மாதிரிப் பக்கத்தைத்தான் நீட்டுவார்கள்.