காயலான் கடை நிலம்: தோண்டுவதா, மூடுவதா, அங்கேயே சரிசெய்வதா?

வடசென்னையில் மூலக்கடைக்கும் கொடுங்கையூருக்கும் இடையே, பல ஆண்டுகள் வண்டி உடைத்த ஐந்து கிரவுண்டு காயலான் கடை யார்டு ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடக்கும் இரும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டிச் சமன்படுத்தினால், பார்வைக்கு அது வீட்டுமனை போலவே இருக்கும். ஆனால் என்ஜின் கழற்றிய இடத்தில் எண்ணெயும், பேட்டரி உடைத்த மூலையில் அமிலத்தோடு ஈயமும், செம்புக்காகக் கேபிள் எரித்த இடத்தில் டையாக்சின் என்ற நச்சு கலந்த சாம்பலும் மண்ணில் இறங்கியிருக்கும். இம்மூன்றும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படுபவை அல்ல. இப்படிக் கெட்ட மண்ணைச் சுத்தப்படுத்தும் வழிகளை ஒப்பிடும் பலர் இதை மறந்துவிட்டுச் செலவை மட்டும் ஒப்பிடுகிறார்கள்.

முழுவதையும் தோண்டி அகற்றுவது சந்தேகத்துக்கு இடம் வைக்காத வழி. அதன் பாரம் கணக்குப் போட்டால்தான் தெரியும். ஐந்து கிரவுண்டு என்பது 12,000 சதுர அடி. மூன்றடி ஆழத்துக்கு எடுத்தால் 36,000 கன அடி, அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி என்ற கணக்கில் 360 யூனிட் மண். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் லாரிக்கு இது 120 நடை. தோண்டிய மண் பொங்கும் என்பதால் உண்மையில் அதற்கும் மேல். ஆய்வில் அபாயகரக் கழிவு என்று உறுதியான மண்ணை, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற கழிவு அகற்றும் மையத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். ஜி.என்.டி. சாலையில் லாரி வாடகை, மையத்தின் கட்டணம், பள்ளத்தை நிரப்ப நல்ல மண் என மூன்று செலவுகள் சேர்கின்றன. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: வாசலைத் தாண்டிய லாரியைக் கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால், அதே மண் சவுடு (நிரப்பு மண்) என்ற பெயரில் இன்னொருவர் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போய்விடும்.

மூடி வைப்பது உரிமையாளர்கள் விரும்பும் வழி. தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, களிமண், அதன்மேல் கான்கிரீட் என்று அடுக்கினால் புழுதி பறக்காது, மழைநீரும் மேலிருந்து இறங்காது, செலவும் குறைவு. நிலத்தடி நீர் மிக ஆழத்தில் இருக்கும் ஊர்களில் இதைக் குறை சொல்வதற்கில்லை. வடசென்னையிலோ நீர்மட்டம் மேலாக இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையில் இன்னும் ஏறுகிறது. ஆகவே தண்ணீர் கீழிருந்தே வந்து அழுக்கைத் தொடும். 2013ஆம் ஆண்டு தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்ததைப் பார்த்தவர்களுக்கு, மேல்தளம் எதை மறைக்கும், எதைத் தடுக்காது என்று விளக்க வேண்டியதில்லை. மேலும், போர்வெல் போடுபவரும் செப்டிக் டேங்க் தோண்டுபவரும் அந்த விரிப்பைக் கிழிக்காமல் விடப்போவதில்லை. எனவே வீட்டுமனைக்கு இது ஆகாது. லாரி நிறுத்தத்துக்கோ குடோனுக்கோ, பராமரிப்புப் பொறுப்பைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால் ஏற்கலாம்.

அங்கேயே சரிசெய்வது என்பது உண்மையில் இரண்டு வேலைகள். எண்ணெய் ஊறிய மண்ணைக் குவித்து, யூரியா போன்ற சத்துச் சேர்த்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் நுண்ணுயிரிகள் டீசலைச் சில மாதங்களில் தின்றுவிடும். சென்னை வெயில் இதற்குச் சாதகமானது. பழைய என்ஜின் ஆயிலின் கனமான பகுதி மட்டும் பிடிவாதமாகத் தங்கும். ஈயமோ ஒரு தனிமம், எந்த உயிரியும் அதை அழிக்க முடியாது. சிமென்ட்டோ பாஸ்பேட்டோ கலந்து கரையாதபடி கட்டிவைக்கத்தான் முடியும். இங்கே கை தாராளமாக இருக்கக்கூடாது. அமில மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பை அளவுக்கு மீறிக் கொட்டினால், காரத்தன்மை ஏறி ஈயம் மறுபடி கரையத் தொடங்கும். மண்ணைக் கழுவும் முறை கடலோர மணலுக்குப் பொருந்தும், உட்பகுதிக் களிமண்ணுக்குப் பொருந்தாது. செடி வளர்த்து உலோகத்தை உறிஞ்ச வைப்பதற்கு ஆகும் ஆண்டுகளை எந்த மனை வியாபாரமும் தாங்காது.

எவ்வளவு தூய்மை போதும் என்பதும் நிலத்தின் பயனைப் பொறுத்ததே. கனடாவின் வழிகாட்டு அளவுகளில், ஒரு கிலோ மண்ணில் ஈயம் குடியிருப்புக்கு 140 மில்லிகிராம், தொழிற்பகுதிக்கு 600 மில்லிகிராம். ஒரே மண் குடோனுக்குத் தேறி, குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குத் தவறிப்போகலாம்.

இந்த ஐந்து கிரவுண்டைப் பொறுத்தவரை கலப்பு வழியே என் தேர்வு. பேட்டரி மூலையையும் கேபிள் எரித்த இடத்தையும் மட்டும் தோண்டிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பலாம். எண்ணெய் மண்ணைப் பிப்ரவரியில் குவித்து, அக்டோபர் மழைக்கு முன் முடித்துவிடலாம். அதற்கும் பணம் இல்லையென்றால் வீட்டுமனையாக விற்கும் எண்ணத்தைக் கைவிடுவதே முறை. எந்த வழியானாலும், குழியை நிரப்பும் முன் அதன் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மண் எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை கைக்கு வரும்வரை ஜே.சி.பி.க்காரரின் கணக்கை முடிக்கக் கூடாது.