பையனுக்கு முதல் மான் ரைஃபிள்: ஐந்தாறு சீசன் கழித்தும் கையில் நிற்பது எது?

அமெரிக்காவில் மான் சீசன் நெருங்கும்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனை அழைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போகும் அப்பாக்கள் நிறைய. கவுண்டரில் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் முழுநீள ஸ்டாக் (தோளில் பதியும் கட்டைப் பகுதி), 22 அங்குலக் குழல், .308 அல்லது .30-06 என்ற தோட்டா அளவு. "வளர்ற பையன்தானே, போகப் போகச் சரியாயிடும்" என்ற சமாதானமும் கூடவே வரும். பள்ளிச் சட்டை தைக்கும்போது அப்படிக் கணக்குப் போடலாம், துப்பாக்கிக்கு அது ஆகாது. பெரிய ஸ்டாக்கைத் தோளில் சரியாக வைக்க முடியாத பையன் தலையை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துச் சுடுவான். முதல் சீசனில் ஒட்டிய அந்தப் பழக்கம் ஐந்தாவது சீசனிலும் போகாது.

அதனால் மாடல், காலிபர் எல்லாவற்றுக்கும் முன்பு எடுக்க வேண்டியது ஓர் அளவுநாடா. பையனை முழங்கையை 90 டிகிரி மடக்கச் சொல்லி, மடிப்பின் உட்புறத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளக்க வேண்டும். ஸ்டாக்கின் அடிமுனையிலிருந்து ட்ரிக்கர் வரையுள்ள தூரம் ஏறக்குறைய அந்த அளவில் இருந்தால் சரி. பெரியவர்களுக்கான ரைஃபிளில் இது 13.5 முதல் 13.75 அங்குலம் வரை வரும். பன்னிரண்டு வயதுப் பையன் பலருக்கு 12, 12.5 போதும். நவம்பர் குளிரில் தடித்த ஜாக்கெட் அரை அங்குலத்தைத் தின்றுவிடும் என்பதால், கடைக்குப் போகும்போதே அந்த ஜாக்கெட்டைப் போட்டு அழைத்துப் போவது நல்லது. ஆகஸ்ட் மாதம் டீ-ஷர்ட்டோடு பார்த்து வாங்கிய ரைஃபிள் நவம்பரில் அக்குளில் சிக்கும்.

அடுத்தது உதைப்பு, அதாவது சுடும்போது ரைஃபிள் தோளைப் பின்னால் தள்ளுவது. 7.5 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .243 வின்செஸ்டர் 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டோடு சுமார் 9 அடி-பவுண்டு உதைக்கும். .30-30 பத்து, பதினொன்று. 6.5 கிரீட்மோரும் 7 மி.மீ-08-உம் பன்னிரண்டை ஒட்டி. .308-க்கு 16 வாக்கில் வரும். .30-06-இல் 180 கிரெய்ன் போட்டால் 20. குண்டும் மருந்தும் மாறாமல் ரைஃபிளின் எடை மட்டும் குறைந்தால் உதைப்பு அதே விகிதத்தில் ஏறும். 7.5 பவுண்டை 6 பவுண்டாக்கினால் கால் பங்கு அதிகம். "பையனுக்கு லேசா இருக்கட்டும்" என்று 6 பவுண்டு ரைஃபிளை .308-இல் வாங்கிக் கொடுப்பவர்கள் தவறுவது இங்கேதான். தூக்க லேசான துப்பாக்கி சுடக் கனமாக இருக்கும்.

வெள்ளைவால் மானுக்கு, 200 கெஜத்துக்கு உள்ளே, .243 தாராளமாகப் போதும். 1955-இல் வந்த தோட்டா, இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் குண்டு சிறியது. தோள் எலும்பில் குத்தாக அடித்தாலோ, கோணலாக நிற்கும் மானைச் சுட்டாலோ அது தடுமாறும். மான் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்கத் தெரிந்த பையனுக்கு .243 சரி. பின்னாளில் எல்க் என்ற பெரிய வகை மான் வேட்டைக்கும் போகலாம் என்றால் 7 மி.மீ-08 இன்னும் பொருத்தம். முதல் இரண்டு சீசனுக்கு ஹார்னடி கஸ்டம் லைட் போன்ற குறைந்த உதைப்புத் தோட்டா (120 கிரெய்ன்), பிறகு முழு வேகத் தோட்டா என்று அதே ரைஃபிளிலேயே படியேறலாம். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும் என்றால் எங்கள் கை 7 மி.மீ-08 பக்கம்தான் போகும். கடைக்குக் கடை தோட்டா கிடைப்பது .308 அளவுக்கு இருக்காது என்பது அதன் குறை. சீசன் தொடங்கும் வாரத்தில் தேடினால் அலமாரி காலியாக இருக்கும். கோடையிலேயே ஐந்து பெட்டி வாங்கி வைப்பது வழக்கம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஒஹாயோ போன்ற மாநிலங்களின் வழக்கமான துப்பாக்கி சீசனில் கழுத்துக் குறுகிய ரைஃபிள் தோட்டாவால் மான் சுட விடமாட்டார்கள். கழுத்து குறுகாத நேர்சுவர்த் தோட்டா அல்லது ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கனில் போடும் ஒற்றைக் கனத்த குண்டு)தான். அங்கே .243 வாங்கிக் கொடுத்தால் அது பீரோவில்தான் தூங்கும். 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் இந்த மாநிலங்களை மனதில் வைத்தே செய்தது. உதைப்பும் குறைவு. 20 கேஜ் ஸ்லக்கோடு ஒப்பிட்டால் பையனின் தோள் நன்றி சொல்லும். பென்சில்வேனியாவில் செமி-ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைஃபிளால் மான் சுட அனுமதி இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு அதே எடையில் நீளமாக இருப்பதால் .243-இல் 80, 85 கிரெய்னுக்கு இறங்கிக்கொள்வது நல்லது.

ரைஃபிளுக்கு வருவோம். முதல் துப்பாக்கி போல்ட் ஆக்‌ஷனாக இருப்பதே மேல், அதாவது போல்ட் என்ற கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. ட்ரிக்கருக்குக் கீழுள்ள நெம்பை ஆட்டித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள் அழகுதான். மார்லின் 336-உம் வின்செஸ்டர் 94-உம் தாத்தா காலத்திலிருந்து மான் சுட்டவைதான். ஆனால் சுடாமல் விட்ட ஒவ்வொரு முறையும் குளிரில் மரத்த கட்டைவிரலால், பின்னால் இழுபட்டு நிற்கும் சுத்தியலை மெல்ல இறக்க வேண்டும். விரல் நழுவினால் வெடிக்கும் அபாயம் உண்டு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டினால் சுத்தியலுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் விரல் நுழையவே இடமிருக்காது. பன்னிரண்டு வயதில் இது வேண்டாம்.

சிறிய அளவில் கிடைப்பவற்றில் ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் (12.5 அங்குல ஸ்டாக், 18 அங்குலக் குழல், சுமார் 6 பவுண்டு), ஸ்டாக்கின் அடியில் சேர்க்கும் ஸ்பேசர் என்ற துண்டு மூலம் 12-லிருந்து 13 வரை நீளும் மாஸ்பெர்க் பேட்ரியாட் யூத் சூப்பர் பேண்டம், சற்று விலை கூடிய ஃபின்லாந்துத் தயாரிப்பான டிக்கா டி3எக்ஸ் காம்பாக்ட் மூன்றும் பார்க்கத் தகுந்தவை. போல்ட் வழுக்கும் வழுக்கலில் டிக்காவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. ஆனால் அதன் சேஃப்டியை (சுட விடாமல் தடுக்கும் பூட்டை)ப் போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்க சேஃப்டியை விலக்கியே ஆக வேண்டும். ரூகர் அமெரிக்கனில் சேஃப்டி போட்டபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். மர மேடையில் ஏறும்முன், இறங்கும்முன், வேலி தாண்டும்முன் என்று ஒரு நாளில் பலமுறை தோட்டாவை எடுக்கப் போகும் பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பழைய ரெமிங்டன் 700 கிடைத்தால் தயாரிப்புக் காலத்தைப் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கர்களை நிறுவனமே திரும்பப் பெற அழைத்தது. ட்ரிக்கர் மாற்றியதற்கான அத்தாட்சி இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டாக்குகளில் நாள்பட வெளிப்படும் குறை ஒன்று. முன்பகுதி மெலிதாக இருப்பதால் ஸ்லிங்கை (தோள்வாரை) இறுக்கினாலோ பைபாட் (இரு கால் தாங்கி) மேல் சாய்ந்தாலோ வளைந்து குழலைத் தொடும். தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் விட்டு, போல்ட் இருக்கும் உடல் பகுதியான ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். பிறகு முன்பகுதியைக் கையால் அமுக்கிக்கொண்டு மறுபடி இழுங்கள். இரண்டாம் முறை நோட்டு சிக்கினால் பைபாட் வேண்டாம், மணல் பை போதும்.

ஸ்கோப் 3-9×40 (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ லென்ஸ்) தாண்டத் தேவையில்லை. உருப்பெருக்கத்தை விடக் கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி முக்கியம், மூன்றரை அங்குலமாவது வேண்டும். கழுத்தை நீட்டிச் சுடும் பையனுக்கு ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டும். ஒருமுறை வெட்டினால் அடுத்த பத்து தோட்டாவுக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவான். வளையங்களின் திருகுகளை 15 முதல் 18 இன்ச்-பவுண்டுக்குள் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவு காட்டும் சாவியால்) முடுக்க வேண்டும். கை அளவில் முடுக்கியதுதான் இரண்டாம் சீசனில் "துப்பாக்கி சரியில்லை" என்ற புகாராகத் திரும்பி வரும். பத்தில் எட்டு முறை திருகுதான் காரணம் என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.

ஜீரோ செய்வது, அதாவது குறி பார்த்த இடத்தில் குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது, 25 கெஜத்தில் தொடங்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக இலக்கைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மூன்று தோட்டா. கால் எம்ஓஏ (ஒரு கிளிக்குக்கு 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகரும்) ஸ்கோப்பில் 25 கெஜத்தில் ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக், 100 கெஜத்தில் 4 கிளிக். 100 கெஜத்தில் குண்டு மையத்துக்கு இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்தால், மேலே சொன்ன .243, 6.5, 7 மி.மீ-08, .308 நான்கும் 200 கெஜத்தில் ஏறக்குறைய மையத்துக்கு வந்துவிடும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி எட்டு அங்குல அகலம் என்பதால் இடையில் கணக்குப் போடத் தேவையில்லை. இந்த வேலையை அப்பா முடித்துவிடட்டும். பையன் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது தோட்டாவின் உதையைத் தோளில் வாங்குவது வேண்டாம். அவன் பங்குக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு போதும். மீதிப் பயிற்சி எல்லாம் .22-இல்.

உதைப்பு பயமுறுத்துகிறதா என்று வாயால் கேட்டால் எந்தப் பையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை அவனுக்குத் தெரியாமல் சேருங்கள். அதன்மேல் ட்ரிக்கர் இழுபடும்போது வெடிச்சத்தம் இருக்காது. குழல்முனை அசையாமல் நின்றால் நல்லது. சட்டென்று கீழே குத்தினால் குறைந்த உதைப்புத் தோட்டாவுக்கு இறங்குங்கள், ரைஃபிளை மாற்ற அவசரம் வேண்டாம். காதுக்கு அடைப்பானும் அதன்மேல் இயர்மஃபும் இரண்டுமே வேண்டும். உதைப்புக்குச் சமமாகச் சத்தமும் பையனை மிரட்டும். குழல்முனையில் பூட்டும் மசில் பிரேக் உதைப்பைக் குறைக்கும்தான், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பக்கத்தில் உட்காரும் அப்பாவைக் கேட்டால் தெரியும்.

பரிசு என்பதால் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். உரிமம் பெற்ற கடை 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு ரைஃபிள் விற்க முடியாது. அப்பா தன் பணத்தில் வாங்கிப் பரிசளிப்பது செல்லும், துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் பெடரல் படிவம் 4473-இல் அவரே உண்மையான வாங்குபவர். மகனிடம் பணத்தை வாங்கிக்கொண்டு அப்பா பெயரில் வாங்கினால் கதை வேறு, அது குற்றம். மகன் வேறு மாநிலத்தில் குடியிருந்தால் அப்பா நேராகக் கைமாற்ற முடியாது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: எச்-1பி, எச்-4 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பெடரல் சட்டத்தில் தடை. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அப்பாவுக்கு மட்டும் இருந்தால் போதாது, பையனுக்கும் வேண்டும். உரிமம் காலாவதியான அன்றைக்கே விலக்கும் போய்விடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டில் வைப்பதில் பலர் தவறுவது கேஸ் விஷயத்தில். வாங்கிய பிளாஸ்டிக் கேஸுக்குள், பஞ்சு நுரையின் மேல், வருடம் முழுக்க வைப்பார்கள். நுரை ஈரத்தைப் பிடித்துக் குழலின் அடியில் துரு பூக்கும். குளிரிலிருந்து வந்ததும் கேஸைத் திறந்து, ரைஃபிள் அறை வெப்பத்துக்கு வந்து வியர்த்து முடிந்தபின் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். போல்ட்டுக்குள் எண்ணெய் அதிகமானால் கடுங்குளிரில் கெட்டியாகி, ஊசி மெதுவாகப் போய்த் தோட்டா வெடிக்காமல் போகும்.

பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் மறுபடி அளவுநாடா. ஸ்பேசர் உள்ள மாடல் என்றால் ஒரு ஸ்பேசர் சேர்த்தால் போதும். இல்லையென்றால் பாய்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் முழு அளவு ஸ்டாக்கை ரூகர் அமெரிக்கனுக்குத் தனியாக வாங்கலாம். ஸ்டாக் மாற்றியதும் ஆக்‌ஷன் திருகுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கி, கண் தூரம் மாறியிருக்கும் என்பதால் ஸ்கோப்பை நகர்த்திப் பொருத்தி, மறுபடி 25 கெஜத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த முறை பெஞ்சில் அவனே உட்காரட்டும்.