தேய்ந்த செயின்சா (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) எஞ்சின்: பழுது பார்த்துவிட்டு ஓட்டுவதா, அப்படியே ஓட்டுவதா?

அப்படியே ஓட்டினால் செலவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) மட்டும் தேய்ந்திருந்தால் அது மோசமான முடிவும் அல்ல. இழுவை குறையும், சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். சின்னக் கிளைகளுக்குச் சமாளிக்கலாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், 150 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) பக்கம் இருந்தால் சரி. 100-க்குக் கீழே போனால் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

எதற்கும் முதலில் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் மேலும் கீழுமாக ஆழமான கீறல் தெரிந்தால் அப்புறம் பேச்சே இல்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பலர் பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். கிராங்க் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் வளையம்) வழியாகக் காற்று உள்ளே கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது! அதுவும் குறைந்தால் புது பிஸ்டனும் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரின் உட்பூச்சும் உரிந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் புது ரம்பமே பரவாயில்லை என்பேன்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் அலறினால், அது இந்தக் காற்றுக் கசிவாக இருக்கலாம்; சின்னக் கிளைக்குக்கூட ரம்பத்தை எடுக்காதீர்கள்.