எம்.சி. ரோடு துணிக்கடையில் டிஜிட்டல் டிஸ்ப்ளே: மூன்று வருடம் ஓடியதில் தெரிந்தவை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரண்டு மாடித் துணிக்கடை. வாசல் ஷோகேஸில் 55 இஞ்ச் திரை ஒன்று, உள்ளே தூண்களில் நெட்டுவாக்கில் 43 இஞ்ச் இரண்டு, பில் கவுண்டருக்கு மேலே பி2.5 எல்.இ.டி. வால் (2.5 மி.மீ.க்கு ஒரு புள்ளி பல்பு வைத்த பெரிய திரை). விற்பனையைத் தூக்கிவிட்டது தூணில் இருப்பவைதான். அதிகக் காசு விழுங்கிய எல்.இ.டி. வால் அல்ல. பக்கத்து ரேக்கில் இருக்கிற சரக்கையே அன்றைய ரேட்டோடு தூண் காட்டுகிறது. பார்த்தவர் கை நீட்டினால் துணி கிடைக்கிறது.

அதனால் தினம் கடை திறந்ததும் முதல் வேலை, சைஸ் தீர்ந்ததை பிளேலிஸ்ட்டிலிருந்து எடுப்பது. திரையில் பார்த்த நைட்டியைக் கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால், நாலு எட்டில் அடுத்த கடை இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஐட்டத்தை ஒரு வாரம் போட்டு, மறு வாரம் எடுத்து, பில்லிங் சாஃப்ட்வேரில் எத்தனை பீஸ் போனது என்று எண்ண வேண்டும். இப்படி நாலைந்து சுற்று வேண்டும். ஆடி, தீபாவளி, பொங்கல் வாரங்களைச் சேர்க்கக் கூடாது. சம்பள வாரத்தை மாதக் கடைசி வாரத்தோடு ஒப்பிட்டாலும் கணக்கு தப்பும்.

நடந்துகொண்டே பார்ப்பவருக்கு ஒரு ஸ்லைடில் ஒரு துணி, ஒரு ரேட் போதும். 6 முதல் 8 வினாடி. எழுத்தின் உயரம் 10 அடிக்கு 1 இஞ்ச் கணக்கு: 20 அடி தள்ளி நிற்பவருக்கு 2 இஞ்ச்.

தமிழ் எழுத்துதான் நிறையப் பாடு படுத்தும். பிளேயரின் (திரைக்குப் படம் அனுப்பும் சின்னப் பெட்டி) ஓடும் வரியில் "பெண்கள்" என்று அடித்தால், கொம்பு ப-வைத் தாண்டிப் போய் ண-வுக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் ப முதலிலும் கொம்பு அடுத்தும்தான் பதிவாகின்றன. கொம்பை முன்னால் இழுத்து வரைவது ஆப்பின் வேலை. மலிவான ஆப்கள் அதைச் செய்வதில்லை. எழுத்தையெல்லாம் படமாகவோ எம்.பி.4 வீடியோவாகவோ மாற்றி ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஃப்ளெக்ஸ் டிசைனரிடம் வாங்கும் ஃபைல் பெரும்பாலும் பழைய ஃபாண்டில் இருக்கும், நம் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்கித் தரச் சொல்லுங்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. நெட்டுத் திரைக்கு 1080×1920 பிக்சல், எச்.264 வகை வீடியோ போதும்.

கரன்ட் போய் வந்தால் வீட்டு டிவி பல ஸ்டாண்ட்பையிலேயே நின்றுவிடும். யாராவது ரிமோட்டை அழுத்தும்வரை கறுப்புத் திரைதான். கமர்ஷியல் டிஸ்ப்ளேயில் தானாக ஆன் ஆகும் செட்டிங் இருக்கும், மாட்டும் அன்றே போட்டுவிட வேண்டும். மெமரி கார்டில் ஓடும் பிளேயர் திடீர் கரன்ட் கட்டில் கார்டு கெட்டுப் படுத்துவிடும். பிளேயரையும் ரவுட்டரையும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் கொடுத்தால் தாங்கும். வீட்டு டிவியைச் செங்குத்தாக மாட்டவே வேண்டாம். சூடு வெளியேறும் வழி படுக்கைவாக்குக்கென்று வைத்தது, வாரண்டியும் போகும்.

ஷோகேஸில் வெயில் விழுந்தால் 300 நிட்ஸ் (வெளிச்ச அளவு) டிவி கண்ணாடி மாதிரி எதிர்ச்சாரியைத்தான் காட்டும். 2,500 நிட்ஸ் பேனல் தேவை. ஆனால் அதன் சூடும் வெயிலும் சேர்ந்தால் நடுவே கறுப்புத் திட்டு விழும், ஆறினால்தான் மறையும். மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும், பேனலுக்குப் பின்னால் ஒரு கை இடைவெளியும் விட்ட பிறகு இங்கே திட்டு வரவில்லை.

எல்.இ.டி. வாலுக்கு எதிரி காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. ரிப்பன் கேபிள் பின்னில் பச்சை பூத்தால் மாட்யூலில் (வாலைச் சேர்த்து அமைக்கும் சின்னப் பலகை) வரி வரியாக நிறம் மாறும், கேபிளைக் கழற்றி ஐ.பி.ஏ.வால் (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். பல்பு செத்தால் பெரும்பாலும் மாட்யூலையே மாற்ற வேண்டியிருக்கும். வேறு பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) மாட்யூல் போட்டால் அந்த 320×160 மி.மீ. செவ்வகம் மட்டும் வேறு வெள்ளையில் துருத்திக்கொண்டு நிற்கும். வாங்கும்போதே அதே பேட்ச்சில் நாலைந்து உபரி மாட்யூலும் ஒரு ரிசீவிங் கார்டும் (மாட்யூல்களுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு) பில்லில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்; பிறகு அதே பேட்ச் கிடைப்பது கஷ்டம்.