வெயிலில் கிடக்கும் ஃபில்லர் பிளாஸ்டிக்: சில வருஷ அனுபவம்

ஃபில்லர் என்றால் பிளாஸ்டிக்கில் கலக்கும் நிரப்புத் தூள். மாடியில் மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை போட்டுச் சில வருஷமாகிறது. கூடவே வெள்ளை நாற்காலிகளும் கறுப்புத் தொட்டிகளும் வெயிலில்தான் கிடக்கின்றன. மூன்றும் மூப்படைந்த விதம் வேறு வேறு.

பலகையின் பழுப்பு நிறம் முதல் வருஷத்திலேயே சாம்பலாகிவிட்டது. அப்புறம் பெரிய மாற்றமில்லை. மர நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் வெயிலின் புற ஊதாக் கதிரில் சிதைந்து, மழையில் கழுவிப்போகிறது; அதனால்தான் இந்த வெளிறல். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அறுத்த முனைகளைப் பாருங்கள். அங்கே மரத்துகள் வெளியே தெரிந்தால் தண்ணீர் ஏறி ஊதும். மேலே தனிப் பிளாஸ்டிக் உறை போர்த்தி வரும் பலகை விலை கூடுதல்தான், ஆனால் பிற்பாடு ஓரத்தில் சேர்த்தவை அந்த ரகம். நிறம் இன்னும் நிற்கிறது.

நாற்காலிகள்தான் மோசம். உட்கார்ந்து எழுந்தால் உடையில் வெள்ளைத் தூள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், கலந்து வார்த்தவை அவை. வெயில் அந்தத் தூளை ஒன்றும் செய்வதில்லை. அதைப் பிடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளைத்தான் அறுக்கிறது. பிடி போனதும் தூள் வெளியே வருகிறது. இந்தச் சிதைவு மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தோடு நின்றுவிடுகிறது, உள்ளே பொருள் நன்றாகவே இருக்கும். ஆனாலும் அந்த மொறுமொறுப்பான படலத்தில் விழும் மயிரிழை விரிசல், பாரம் ஏறும்போது உள்ளே ஓடிவிடுகிறது. ஒரு நாற்காலியின் கால் கொஞ்சம்கூட வளையாமல் பட்டென்று முறிந்தது.

கனமாக இருந்தால் உறுதி என்று நம்புகிறவர்கள் உண்டு. பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 0.9 கிராம், கால்சியம் கார்பனேட்டுடையது 2.7 கிராம். ஆக, கனம் ஃபில்லரிலிருந்தும் வரலாம். வெயிலைத் தாங்குவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே சேர்த்த புற ஊதாக் காப்புப் பொருள்தான், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தொட்டிகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கறுப்பு நிறம் தரும் நுண்ணிய கரித்தூளே (கார்பன் பிளாக்) புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது; நன்றாகக் கலந்தால் 2 சதவீதமே போதும். வெளியில் போடும் கறுப்பு பாலிஎத்திலீன் குழாய்களிலும் அதுதான் காப்பு. மதியத்தில் கை சுடும், அவ்வளவே.

இப்போது நாற்காலி வாங்கினால் அடர்நிறம், தடித்த கால். பழையதில் கால் சேரும் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். தூள் வந்தால் துடைத்துவிட்டு விரிசலைத் தேடுவேன். விரிசலும் இருந்தால் அதில் யாரையும் உட்காரவிடுவதில்லை.