68,000 ரூபா போச்சு: பிள்ளைக்கு முன்பல் வரலன்னா கம்பி போட ஓடாதீங்க

ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காம கம்பி போட்டு 68,000 ரூபா வாங்கிட்டாங்க. ஹட்டன் பக்கம் டவுன்ல ஒரு தனியார் பல் கிளினிக். பேரு போடல. இன்னொருத்தர் ஏமாறாம இருக்க அஞ்சு விஷயம் கடைசியில எழுதுறேன்.

தங்கச்சி மகனுக்கு வயசு ஒன்பது. மேல் முன்பல் ரெண்டுல வலதுபக்கத்துப் பல் ஏழரை வயசுலயே வந்திருச்சு. இடதுபக்கம் வெறும் ஈறு. பின்னால வர வேண்டிய பக்கத்துப் பல் முந்திக்கிட்டு வந்து உக்காந்திருச்சு. உள்ள ஏதோ வழி மறிக்குதுன்னு சந்தேகப்பட இது ஒண்ணே போதும். ஜோடிப் பல் வந்து ஆறு மாசம் தாண்டியும் மற்றது வரலன்னா முதல் வேலை எக்ஸ்ரே படம் எடுக்கிறதுதான்.

அந்த கிளினிக் டொக்டர் என்ன செஞ்சார்? ஈறை விரலால அமுக்கிப் பார்த்தார். "பல்லு இந்தா இருக்கும்மா, இடம்தான் பத்தல. கம்பி போட்டு இடம் பண்ணிக் குடுத்தா தானா எறங்கிரும்"னார். நல்ல தமிழ்ல, பொறுமையா, பில்லுக்குப் பின்னால பல் வரைஞ்சும் காட்டினார். தங்கச்சி நம்பிட்டா. சீட்டு எடுத்த காசு 68,000 அந்தக் கிறுக்கலுக்குப் போச்சு. விரலுக்குத் தட்டுப்படுறது எந்தப் பல்லுன்னு படம் இல்லாம எப்படிச் சொல்றது?

அஞ்சு மாசம் கம்பியை முறுக்கினாங்க. பல் எறங்கல. நல்லா இருந்த வலதுபல் சாய்ஞ்சதுதான் மிச்சம். கம்பியைப் பிடிக்கப் பல்லுல ஒட்டின சின்னச் சதுரத்தைச் சுத்தி சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை வளையம் வேற. துலக்கச் சொல்லிக் குடுக்காததால எனாமல் கரைஞ்சிருக்கு.

ஸ்கூல் பல் கிளினிக்ல எழுதிக் குடுத்த துண்டோட பேராதனை பல் ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. முன்பல்லுக்குப் பின்னால, அண்ணத்துப் பக்கம், கூடுதலா ஒரு பல். கூம்பு மாதிரி இருக்கிற கூடுதல் பல் பெரும்பாலும் பக்கத்துப் பல்லைத் தள்ளும், திருப்பும். பீப்பா மாதிரி முண்டுமுண்டா இருக்கிறது வரவே விடாது. இது பீப்பா. தாடை முழுக்கத் தெரியிற பெரிய படத்துல நடுப்பகுதி மங்கலா விழும், அதனால சின்னப் படம் ரெண்டு, கோணம் மாத்தி எடுத்தாங்க. எக்ஸ்ரே குழாய் நகர்ந்த பக்கமே படத்துல பல்லும் நகர்ந்தா அது அண்ணத்துப் பக்கம். இவ்வளவுதான் சூத்திரம்! முதல்ல அந்தக் கூடுதல் பல்லை எடுக்கணும். இடமும் இருந்து, வேரும் முழுசா வளராம இருந்தா முன்பல் தானா வர வாய்ப்பிருக்கு. வரலன்னா ஈறைத் திறந்து இழுக்கணும். வழியில கல்லு கிடக்க, கம்பி என்ன செய்யும்?

காசைத் திருப்பிக் கேட்டா, முதல்ல "டொக்டர் கண்டிக்குப் போயிட்டார்". அடுத்த வாரம் "கம்பி ஓடர் பண்ணி வந்திருச்சு, திருப்ப ஏலாது". மூணாவது தடவை, "நீங்க ஏன் வேற இடத்துல காட்டினீங்க?" ஒவ்வொரு தடவையும் தங்கச்சிக்கு ஒரு நாள் பேர், அதான் நாள் சம்பளம், போச்சு. கையில இருக்கிற பில்லுல "சிகிச்சை 68,000"னு மட்டும்தான். என்ன சிகிச்சைன்னு ஒரு வரி இல்ல.

அஞ்சு விஷயம்னு சொன்னேன், இப்ப இருக்கிற கொதிப்புல மூணுதான் வருது. படம் எடுக்காம கம்பின்னா எழுந்து வந்திருங்க. மருத்துவ சபைப் பதிவு இலக்கம் கேளுங்க. என்ன வேலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதாத பில்லுக்கு முற்பணம் குடுக்காதீங்க. விடிய முதல் பஸ்ஸைப் பிடிச்சு பேராதனைக்குப் போகணும், மிச்சத்தை வந்து எழுதுறேன்.