குவான்ட் ஃபைனான்ஸ் முதுகலைக்கு முன்பணம் கட்டுமுன்: 52.0801 என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் (கணித முறைகளால் நிதிச் சந்தையை ஆராயும் துறை, சுருக்கமாகக் குவான்ட்) முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, முன்பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022 ஆகஸ்டில் அப்படியொரு படிப்பில் சேர்ந்து, 62 லட்சம் ரூபாய் கல்விக்கடனோடு 2025 பிப்ரவரியில் சென்னைக்குத் திரும்பியவன் நான். பல்கலைக்கழகத்தின் பெயரையோ என்னை அனுப்பிவைத்த கன்சல்டன்சியின் பெயரையோ சொல்லப்போவதில்லை. நான் பார்க்கத் தவறியது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கன்சல்டன்சிக்கு அப்பாவும் உடன் வந்திருந்தார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப்போகிறவர் அவர் என்பதால், படிப்பு முடிந்தபின் மூன்றாண்டு வேலை பார்க்க அனுமதி உண்டா என்பதைத்தான் முதலில் கேட்டார். “பேருலயே குவான்டிடேட்டிவ் இருக்கே சார், அப்புறம் ஸ்டெம் இல்லாம எப்படி?” என்று ஆலோசகர் சிரித்தார். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளுக்கான பொதுப் பெயர்தான் ஸ்டெம். மாணவரைச் சேர்த்துவிட்டால் முகவருக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு என்பதும், என்னிடம் நீட்டப்பட்ட பட்டியலில் அத்தகையவை மட்டுமே இருந்தன என்பதும் பின்னால்தான் தெரியவந்தன.

ஒரு படிப்பு ஸ்டெம் வகையைச் சேர்ந்ததா என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்திருக்கும் சிஐபி என்ற ஆறு இலக்கக் குறியீடுதான் தீர்மானிக்கிறது. 27.0305 என்றால் நிதிக் கணிதம். அது அமெரிக்க அரசின் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. 52.0801 என்றால் பொது நிதியியல். அது பட்டியலில் இல்லை. படிப்பு முடித்த மாணவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஓபிடி என்னும் வேலை அனுமதி 12 மாதம்; ஸ்டெம் படிப்பாக இருந்தால் மட்டுமே அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில், பாடத்துறைக்கான கட்டத்தில், 52.0801 என்று அச்சிட்டிருந்தது. தூதரக வரிசையில் அந்தத் தாளை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கையில் வைத்திருந்தேன். என் பெயரின் எழுத்துகள் சரியா, கட்டணத் தொகை சரியா என்று மட்டுமே பார்த்தேன்.

இதன் விளைவு முழுதாகப் புரிய நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பருவப் படிப்பு 2023 டிசம்பரில் முடிந்தது. ஓபிடியைப் படிப்பு முடிந்த 60 நாட்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் 2024 பிப்ரவரி 5 என்று குறித்தேன். அந்த அனுமதிக் காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. எனக்கு ஒரு சிறிய வங்கியில் இடர் அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை ஏப்ரல் 22 அன்று கிடைத்தது. எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கலுக்கு நடக்கும் அந்த ஆண்டின் பதிவோ மார்ச் 25 அன்றே முடிந்துவிட்டிருந்தது. அடுத்த பதிவு 2025 மார்ச்சில் திறப்பதற்குள் என் ஓபிடி முடிந்துவிட்டது. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருக்காகப் பதிவு செய்ய நிறுவனம் முன்வரவில்லை. ஆக, குலுக்கலில் தோற்றேன் என்று சொல்லும் நிலைகூட எனக்கு வாய்க்கவில்லை. அதே டிசம்பரில் 27.0305 குறியீட்டோடு முடித்திருந்தால் அதன் பிறகும் இரண்டு மார்ச் மாதங்கள் மீதமிருந்திருக்கும்.

வேலைவாய்ப்பு அறிக்கையிலும் இதே போல ஏமாந்தேன். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேலை பெற்றதாகச் சிற்றேட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. வகுப்பில் சேர்ந்த எத்தனை பேரில் என்று அதில் இல்லை. அங்கே போனபின் மூத்த மாணவர் ஒருவர் விளக்கினார்: கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பியவர்கள் மட்டுமே எண்ணப்பட்டிருந்தார்கள்; பல்கலைக்கழகத்திலேயே பகுதிநேர உதவியாளராக இருந்தவர்களும், சொந்த ஊருக்குத் திரும்பிப் பழைய நிறுவனத்தில் சேர்ந்தவர்களும் வேலை பெற்றவர்களாகவே கணக்கில் வந்திருந்தார்கள். வகுக்கும் எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் விகிதத்தை நம்பியவன் நிகழ்தகவு படிக்கப் போனேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நியூயார்க்கின் பரூக் கல்லூரியும் கார்னகி மெலனும் தங்கள் வேலைவாய்ப்பு விவரங்களை ஆண்டுவாரியாக வெளியிடுகின்றன. எண்களைத் திறந்து வைக்கும் அறிக்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவாவது அவற்றை ஒருமுறை படித்திருக்கலாம்.

பாடங்களைப் பற்றி நீட்டவில்லை. வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் தரும் வட்டியின் அளவுகோலாக இருந்த டாலர் லைபார் விகிதம் 2023 ஜூன் 30 அன்று நிறுத்தப்பட்டு அதன் இடத்தில் சோஃபர் என்னும் வேறு வட்டி விகிதம் வந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலும் எங்களுக்கு ஸ்வாப் (வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தம்) வளைகோட்டை லைபாரை வைத்துத்தான் கட்டிக் காட்டினார்கள். சி++ நிரல்மொழி விருப்பப் பாடமாகப் பட்டியலில் இருந்தது, ஆனால் நான் படித்த மூன்று பருவத்திலும் அது நடத்தப்படவில்லை. தற்செயலாக மாறும் அளவுகளுக்கான நுண்கணிதமான ஸ்டோகாஸ்டிக் கால்குலஸுக்கு மூன்று வாரம் ஒதுக்கினார்கள். அந்த மூன்று வாரம் எவ்வளவு போதாது என்பதை ஒரு நேர்காணலில் தெரிந்துகொண்டேன். பங்கு விலை ஜியோமெட்ரிக் பிரவுனிய இயக்கத்தில் (தற்செயலாக ஏறி இறங்கும் விலைக்கான வழக்கமான கணித மாதிரி) நகர்கிறது என்று வைத்துக்கொண்டு, விலையின் வர்க்கம் எப்படி நகரும் என்று எழுதச் சொன்னார்கள். சாதாரண வகைநுண்கணிதத்தில் எழுதுவது போலவே சங்கிலி விதியைப் போட்டேன். ஈட்டோ தேற்றத்தின்படி டிரிஃப்டில் (சராசரி நகர்வில்) ஏற்றஇறக்கத்தின் வர்க்கமும் வந்து சேர வேண்டும். அந்த ஓர் உறுப்பை விட்டுவிட்டேன். எதிரே இருந்தவர் அடுத்த கேள்விக்குப் போகாமல் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

குறியீட்டைப் பற்றித் துறைத் தலைவரிடம் முறையிட்டபோது மாற்றுவதற்கு ஆலோசித்து வருவதாகச் சொன்னார். இரண்டு பருவம் அந்தப் பதிலே வந்தது. என்னிடம் எழுத்தில் வாக்குறுதி எதுவும் இல்லாததால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை. ஆகவே முன்பணம் கட்டுமுன், படிப்பின் சிஐபி குறியீடு என்ன, சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் குவான்ட் வேலைக்கு அமெரிக்காவிலேயே போனவர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு உண்மையில் நடத்தப்பட்ட பாடங்கள் எவை என்று சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் விளக்குகிறோம் என்றால் மறுபடியும் எழுதுங்கள். இப்போது அங்கே படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய ஐ-20 படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சென்னைக்கு வந்ததும் கன்சல்டன்சியிடம் சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாடத் தேர்வும் அதன் பின்விளைவுகளும் மாணவரின் பொறுப்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்து ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கு நேர் மேலே, அதே வரி இருந்தது.